ஓரத்தில் இருந்தவர்கள்

டேப் அக்கா பென்சில் சீவும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பிளேடை வைத்துச் சுருள் சுருளாகச் சீவி, முனையை விரல் நுனியில் குத்திப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் நிமிர்வார். பேனாவைத் தொட மாட்டார். "மை ஊறி அழிஞ்சுபோகும். பென்சில் நம்மைவிட நாள் இருக்கும்" என்பார்.

ஊரின் பழைய சங்கீத சபையில் ஒலிநாடா அறை அவருடையது. சன்னல் இல்லாத அறை, இரும்பு அலமாரிகள், நாலாயிரத்துச் சொச்சம் பெட்டிகள். இருபத்தொன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறார். கோபக்காரி என்று பெயர். வீட்டில் கணவரே முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி கேட்பாராம்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். தேதி, பாட்டு, வயலின், மிருதங்கம் என்று நான்கே கட்டங்கள் அச்சடித்தது. பாடுகிறவருக்குப் பின்னால் மூன்று மணி நேரம் இடுப்பொடிய உட்கார்ந்து தம்பூரா மீட்டுகிறவருக்குக் கட்டம் கிடையாது. அச்சடித்த புண்ணியவானுக்கு அது தோன்றவே இல்லை. அதனால் டேப் அக்கா கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் நிற்பார். "அம்மா, உங்க பேரு சொல்லுங்க. இனிஷியலோட." பலர் திகைத்துப்போவார்கள். "என் பேரா? எதுக்குங்க?" என்று ஒருவர் பயந்தே போனாராம். அந்தப் பெயர்களையெல்லாம் அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்தார். எழுதச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

இந்த வருடம் சபைக்குத் திடீரென்று ஊரின் இசை மரபு ஞாபகம் வந்தது. வழவழ தாளில் ஒரு வரலாற்று மலர் போட்டார்கள். அதில் ராஜாக்கள் உண்டு, பிரபல வித்வான்கள் உண்டு, தலைவரின் தாத்தாவுக்கு மட்டும் இரண்டு பக்கம் உண்டு. கூடவே பெட்டிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு கம்பெனியை அமர்த்தினார்கள். பாட்டையும் ஏற்றினார்கள், அட்டையையும் படம் பிடித்தார்கள். படம் அழகாகத் தெரிய வேண்டுமே! அச்சுக் கோட்டுக்கு வெளியே இருந்ததையெல்லாம் படத்திலிருந்து நறுக்கிவிட்டார்கள்.

அது தெரிய வந்தது போன வெள்ளிக்கிழமை. ஒரு பெண் வந்தார். அம்மா இறந்து ஒரு மாதமாகிறது, இருபத்திரண்டு வருடம் இங்கே தம்பூரா போட்டவர், அவர் உட்கார்ந்த கச்சேரி ஒன்றையாவது கேட்க வேண்டும் என்றார். செயலாளர் தானே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "அப்படி ஒருத்தங்க இங்க வாசிச்சதாவே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று.

டேப் அக்கா அவர் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போய், நாலே நிமிடத்தில் ஒரு பெட்டியை உருவிக் கொடுத்தார். ஓரத்தில் இனிஷியலோடு அம்மா இருந்தார். அந்தப் பெண் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார்.

பிறகு டேப் அக்கா செயலாளர் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை.

"சார், ஓரத்தையெல்லாம் வெட்டி எறிஞ்சிருக்காங்க."

"ஓரம்தானேம்மா. மெயின் விஷயம் பூரா இருக்கே."

"ஓரத்துல இருக்கறது ஆளுங்க சார்."

"தம்பூராதானே? யார் போட்டா என்ன? இப்பல்லாம் சுருதிப் பெட்டியே போதும்."

"அப்ப பாட்டுக்கும் ஒரு பெட்டி வாங்கிடுங்க. அதுக்கே மாலை போட்டு, பொன்னாடை போத்தி, உங்க மலர்ல போட்டோவும் போட்டுடலாம்!"

செயலாளர் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். நகல் முழுமையாக இருப்பதால் பழைய பெட்டிகளைக் கழித்துவிடலாம் என்று எழுதி, கீழே டேப் அக்காவின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஒலிநாடா அறை இனி முக்கிய விருந்தினர்கள் ஓய்வெடுக்கும் அறையாகப் போகிறது. பெட்டிகளை அள்ளிப்போக அன்றைக்கே மூன்று மணிக்கு லாரி வரும்.

"முழுசா இல்லாததை முழுசுன்னு நான் கையெழுத்துப் போடணுமா?"

"வேணாம் விடுங்க, நானே போட்டுக்கறேன்" என்று செயலாளர் சர்ரென்று கையெழுத்துப் போட்டார். தலைவரிடம் சொல்லலாம் என்றால் அவர் ஊரில் இல்லை. திங்கட்கிழமைதான் வருவார்.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே லாரி வந்துவிட்டது. கூலியாட்கள் பெட்டிகளை வாரி வாரிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கோபத்தில் டேப் அக்கா மதியம் சாப்பிடவே இல்லை. சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். ஒரு பெட்டி தவறி விழுந்து வாய் பிளந்தது. கூலியாள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

டேப் அக்கா நேராக லாரிக்கு நடந்தார். டிரைவர் கீழே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவினார் டேப் அக்கா.

"யக்கா! என்னக்கா பண்றீங்க? சாவியைக் குடுங்க!"

"உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல தம்பி. செயலாளர் சாரைத் திங்கக்கிழமை தலைவரைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கச் சொல்லு."

மாடி சன்னலிலிருந்து செயலாளர் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். டேப் அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சோற்றில் விரலால் ஒரு குழி பறித்து, சாவியை அதற்குள் வைத்து மூடி, மேலே சோற்றை அழுத்தித் தட்டினார்.