கண்மாய்க் கோப்பை நின்ற கதை

போன மாதம் தபாலில் ஒரு விழா மலர் வந்தது. மதுரை வட்டாரக் கால்பந்து வரலாறாம். புரட்டிக்கொண்டே போனால் எங்கள் ஊர்க் கண்மாய்க் கோப்பைக்கும் நாலு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். பருவம் தொடங்குவதற்கு முன்னால் கோடையில் நடந்த போட்டி, எதிர்பாராத வெள்ளத்தால் இறுதியாட்டம் தடைபட்டது, அத்தோடு போட்டியும் நின்றுபோனது என்று முடித்துவிட்டார்கள். வெள்ளமாம்! எங்கள் பக்கம் வைகாசியில் மேகத்தைப் பார்ப்பதே அதிசயம். படித்ததும் மலரை மூலையில் வீசி எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வைத்தேன். எழுதியவரை எந்த முகத்தோடு திட்டுவது? அது தானாக வந்த வெள்ளம்தான் என்று ஊர் நடுவே சாட்சி சொன்னவனே நான்தான்.

ஒத்தக்கடைக்குக் கிழக்கே எங்கள் ஊர். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய சங்கதி இது. மதுரை நகரத்தில் கால்பந்துப் பருவம் ஆனியில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் வைகாசி மாதம் முழுக்க, வற்றிக் கிடக்கும் எங்கள் கண்மாய்க்குள் எட்டு ஊர் அணிகள் மோதும். வெள்ளிக் கோப்பையைக் கொடுத்தவர் என் பெரியப்பா. விதிகளை எழுதியவரும் அவரே. ஜெயித்த அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு கொட்டு மேளத்தோடு எங்கள் பெரிய தெரு வழியாக வர வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் மாலை போடுவார்கள். ஆனி மாதம் அந்த அணி மதுரைக்குப் போய்ப் பெரிய பந்தயத்தில் ஆடலாம். முதல் மூன்று வருடமும் எங்கள் தெரு அணிதான் ஜெயித்தது. அதனால் அந்த விதிகளில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

நாலாவது வருடம் ஓர் ஊர்க்காரர்கள் வராமல் போய்விட்டார்கள். எட்டுக்கு ஒன்று குறைந்தது. எங்கள் வயல்களில் கூலிக்கு உழுகிறவர்களின் தெருப் பையன்களும் பந்து ஆடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். பாவம், ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகட்டும் என்று பெரியப்பா பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் அவர்கள் ஓர் ஆட்டத்தோடு போகவில்லை. எங்கள் ஆட்கள் மதுரையில் வாங்கிய பூட்ஸ் போட்டுக்கொண்டு கண்மாய் வெடிப்புகளில் தடுக்கி விழுவார்கள். அவர்கள் வெறுங்காலோடு அந்தத் தரையிலேயே வளர்ந்தவர்கள். அவர்களுடைய கேப்டன் எங்கள் வீட்டில் ஏர் ஓட்டுகிறவர். இருபத்தைந்து வயது இருக்கும். ஒன்பது வயதுப் பொடியன் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை 'சின்னய்யா' என்பார். வெட்கக்கேடு. வேறென்ன சொல்ல?

இறுதியாட்டம் எங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் என்று ஆனதும் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் எங்கள் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் அது. ஜெயித்துவிட்டால் அதே தெருவில் மேளத்தோடு வருவார்களே, மாலை போட வேண்டுமே! சித்தப்பா குதித்தார். பெரியப்பா மட்டும் விதிக் காகிதத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் பெரியாற்று அணைத் தண்ணீர் அந்த வருடம் ஒரு வாரம் முந்தி வந்துவிட்டது. கண்மாய்க்கு வரும் வாய்க்காலில் பலகை போட்டு அடைத்து, இறுதியாட்டம் முடிகிறவரை திறப்பதில்லை என்று ஊரே கூடிப் பேசி முடித்தது. பலகைக்குக் காவல் சித்தப்பா.

ஆட்டம் அன்று சாயங்காலம் கரை கொள்ளாத கூட்டம். பாதி ஆட்டம் முடியும்போது அவர்கள் இரண்டு கோல் போட்டிருந்தார்கள். நாங்கள் ஒன்றும் இல்லை. பெரியப்பா என்னைக் கூப்பிட்டுக் கை நிறையப் பொரிகடலை கொடுத்தார். "பாவம்டா ஒங்க சித்தப்பன், வெயில்ல ஒத்தையில நிக்கிறான். ஆட்டம் பாக்க வரச் சொன்னேன்னு சொல்லு" என்றார். பெரியப்பாவுக்கு எவ்வளவு இரக்க மனசு என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

சித்தப்பா புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.

"எம்புட்டு கோலு?" என்றார்.

"அவங்க ரெண்டு. நம்ம ஒண்ணுமில்ல."

வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார். "நீ முன்னால போ. நான் வாரேன்."

நான் திரும்பி வந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்தார். வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. கால் கழுவியிருப்பார் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடியக் கால்மணி இருக்கும்போது ஓரத்துப் பள்ளத்தில் தரை கறுத்தது. பிறகு வெடிப்புகளில் நுரை கிளம்பியது. ஐந்து நிமிஷத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்போதும் அவர்கள் நிற்கவில்லை. நடுவராக வந்திருந்த டிரில் மாஸ்டர் பெரியப்பா முகத்தைப் பார்த்தார். பெரியப்பா கையைத் தூக்கினார். விசில் ஊதியாகிவிட்டது.

கேப்டன் மூச்சு வாங்க எங்கள் முன்னால் வந்து நின்றார். "அய்யா, மிச்சத்த மேட்டுக்காட்டுல ஆடி முடிச்சிருவோம்யா. பத்து நிமிசந்தான்" என்றார். ஆரம்பித்த இடத்தில் முடிக்காத ஆட்டம் செல்லாது, கோப்பை போன வருடம் ஜெயித்தவர்களிடமே இருக்கும், அதுதான் விதி என்றார் பெரியப்பா. அப்படி ஒரு விதி அந்த நிமிஷம்வரை எந்தக் காகிதத்திலும் கிடையாது. அதை எடுத்துச் சொல்ல அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. மறு வருடம் போட்டி நடத்தச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை. நின்றுபோனதாம்! நிறுத்தினார்கள் ஐயா.

கேப்டன் அப்போதும் போகவில்லை. "பலகைக்கு யாருய்யா காவல்?" என்று கேட்டார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா என் தோளில் கை வைத்து முன்னால் நகர்த்தினார். "பிள்ளைட்டயே கேளு. பிள்ளை பொய் சொல்லாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை பேர் என் வாயைப் பார்க்கிறார்கள். "அங்க யாருமே இல்ல. சித்தப்பாவ நாந்தேன் ஆட்டம் பாக்கக் கூப்பிட்டேன். அவரு இங்க வந்துட்டாரு. தண்ணி தானா பலகையத் தள்ளிருச்சு" என்றேன். கடைசியில் சொன்னது நான் பார்த்ததே இல்லை. அதையும் ஒரு தடுமாற்றம் இல்லாமல் சேர்த்துச் சொன்னேன். "கேட்டுக்கிட்டயா?" என்றார் பெரியப்பா.

கேப்டன் சித்தப்பாவின் வேட்டியைப் பார்த்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார். "சின்னய்யா, நீங்க கூப்பிட்டதும் ஒங்க கூடவே வந்துட்டாகளா?"

இல்லை, பின்னால் வருகிறேன் என்று சொல்லி வெகுநேரம் கழித்துத்தான் வந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் தெருக்காரரான ஒரு வயதானவர் கேப்டன் கையைப் பிடித்து இழுத்தார். "வேணாம் மாப்ள, விட்ரு. நாளைக்கு இவுக உழவுக்குத்தான நம்ம போகணும்." கேப்டன் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். பதினொரு பேரும் தண்ணீரில் நடந்து அந்தக் கரைக்குப் போனார்கள்.

தண்ணீர்தான் வந்துவிட்டதே, உழவு வேலை நிறைய இருக்கும், அதனால்தான் அவசரப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமலே போகிறாரே என்று எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது.