கழுவின பாத்திரத்தையே கழுவிய அம்மா

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலை ஊர் ஒன்றில் நான் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். பஸ் எப்போதாவது வரும். வராவிட்டால் ஊரில் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், என்னைத் தவிர. சாமையும் புளியும் விளைவித்த ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஓட்டு வீட்டை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா மட்டும் கூட இருந்தாள்.

அந்த வீட்டில் அம்மாவுக்குப் பிடித்த இடம் பின்வாசலில் கிடந்த பாத்திரம் கழுவும் கல். கழுவிய தண்ணீர் அப்படியே பறங்கிக் கொடிக்கு ஓடிவிடும். திருப்பத்தூரில் நாலைந்து வீடுகளில் பத்துப் பாத்திரம் தேய்த்துத்தான் அவள் என்னைப் படிக்க வைத்தாள். வேலை கிடைத்ததும், இனி யார் வீட்டுப் பாத்திரத்தையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் பாத்திரத்தைத் தொடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாம்பல், தேங்காய் நார், பித்தளைக்குக் கொஞ்சம் புளி. நான் ஆசையாக வாங்கி வந்த சோப்புத் தூளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நொரதான் வர்து, எண்ணெ இன்னா போவுது?" என்று ஓரமாக வைத்துவிட்டாள்.

பிறகுதான் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். கவிழ்த்து வைத்த தட்டு ஈரம் காய்வதற்குள் கல்லுக்கு வந்துவிடும். ஒருநாள் குழம்போடு இருந்த சட்டியைப் பறங்கிக் கொடியில் கவிழ்த்துவிட்டுத் தேய்த்தாள். அது கோடைக்காலம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. வீட்டுக்கார அம்மா வேலியோரம் வந்து நின்றார்.

"சாரு, உங்கம்மா தொட்டித் தண்ணியெல்லாம் தீத்துட்டாங்க. மாட்டுக்கு நான் இன்னாத்த காட்றது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் கோபத்தில் எல்லாப் பாத்திரத்தையும் அறைக்குள் வைத்துப் பூட்டினேன். அம்மா வெறும் கல்லின் முன்னால் குந்தி, வெறும் கையால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? பூட்டைத் திறந்துவிட்டேன். அதற்கப்புறம் பள்ளிக்குப் போவதற்கு முன் ஓடையிலிருந்து நானே தண்ணீர் சுமந்தேன்.

ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு வந்தபோது அம்மா பின்வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஐயா, வேல முடிஞ்சிதுங்க. வூட்டுக்குப் போறேங்க. பையன் பசியோட குந்திக்கினு இருப்பான்."

விளையாடுகிறாள் என்று சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா, நான்தாம்மா உன் பையன்."

அவள் பயந்து பின்னால் நகர்ந்தாள். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஐயா. அவன் சின்னப் பையங்க."

சொல்லிவிட்டும் போகாமல் அடுப்பங்கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கென்று எனக்குத் தெரியும். திருப்பத்தூரில் வேலை முடிந்ததும் அவள் தேய்த்த வீடுகளில் மிச்சச் சோற்றைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொடுப்பார்கள். அதைத் தின்றுதான் நான் வளர்ந்தேன். எங்கள் தூக்கில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தாள். ரோட்டுப் பக்கம் போய்விடுவாளோ என்ற பயத்தில் நான் வீட்டுக்குள்ளேயே ஓடி முன்வாசலில் போய் நின்றேன்.

மூலை திரும்பியவள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"பசிச்சிதாடா கண்ணு? இன்னிக்கி நேரமாய்டுச்சி."

உட்கார வைத்து, பிசைந்து, கையில் உருட்டிப் போட்டாள். முப்பது வயசு வாத்தியார் வாங்கி வாங்கித் தின்றேன்.

அப்புறம் தினமும் அப்படித்தான். பின்வாசலில் நான் ஐயா, முன்வாசலில் மகன். அவளைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டேன். திருப்பத்தூர் டாக்டர் வயசானால் இப்படித்தான் என்றார். போகட்டும், முன்வாசலில் என்னைத் தெரிகிறதே, அது போதும் என்றிருந்தேன். வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மனசு பதைக்கும், இன்றைக்கும் தெரிய வேண்டுமே என்று. மூலை திரும்பி வந்து "கண்ணு" என்று அவள் கூப்பிடும்வரை எனக்கு மூச்சே வராது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள். வழக்கம்போலத் தூக்கைக் கொடுத்துவிட்டு முன்பக்கம் ஓடினேன். அம்மா சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தாள். படிக்குக் கீழே நின்றாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரித்தேன். பசிக்கிறது என்று வயிற்றைத் தொட்டுக்கூடக் காட்டினேன்.

அவள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஐயா, பாத்திரம் தேய்க்க ஆளு வேணுங்களா? சுத்தமா தேய்ப்பேங்க. ஒரே பையங்க, படிக்க வெக்கணும்."

இல்லை என்று சொன்னால் எங்கே போவாள்?

"வேணும்மா" என்றேன். "உள்ள வா."

"இந்தப் பக்கம் வேணாங்க. பின்னால வர்றேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கான சோற்றைக் கையில் பிடித்தபடி அம்மா திரும்பி நடந்தாள்.