வெள்ளைப் பெட்டியில் வந்த பிஸ்டன்

என் கணவர் தோள்பட்டை எலும்பு முறிந்து வீட்டில் கிடந்த மாதத்தில்தான் அவருடைய மரம் அறுக்கும் மெஷினும் செத்துப்போய் வந்து சேர்ந்தது. மைசூரில் வீடு கட்டுகிறவர்கள் மனையில் நிற்கும் மரத்தை எடுக்க அவரைக் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு மனையில் சில்வர் ஓக் கிளை எதிர்பாராத பக்கம் திரும்பி வலது தோளில் அடித்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, இரண்டு மாதம் கையை அசைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். ஒத்துக்கொண்ட வேலைகள் பாக்கி இருந்ததால் அவருடைய கூட்டாளி மெஷினை வாங்கிக்கொண்டு போனார். நான்காம் நாள் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"அண்ணா, நல்லா ஓடிட்டுத்தான் இருந்துச்சு. டக்குனு நின்னுருச்சு. கயிறு இழுத்தா அசையவே மாட்டேங்குது."

"பெட்ரோல்ல ஆயில் கலந்தியா?" என்று இவர் கேட்டார்.

கூட்டாளி சாக்கைப் பார்த்தார். அந்த மெஷினுக்குத் தனியாக எண்ணெய் ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலில் கலந்துவிடும் எண்ணெய்தான் உள்ளே போய் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கூட்டாளி போய்விட்டார்.

பக்கத்தில் இருந்த மெக்கானிக், கம்பெனி பார்ட்ஸ் போட்டால் கட்டுப்படியாகாது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார். புது மெஷின் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. மூன்றாம் நாள் மதியம் இவர் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, இடது கையால் மெஷினைக் கழற்ற ஆரம்பித்தார். நான் ஹெப்பாளில் ஒரு பேக்டரியில் முதல் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தேன். காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவளுக்கு மதியம் மூன்று மணி என்பது நடுராத்திரி மாதிரி. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கி விழும் சத்தத்தில் படுக்க முடியவில்லை. எழுந்து வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"நீ போய்ப் படு புள்ள. களைச்சுக் கெடக்கற."

"நீங்க இப்படித் தட்டிட்டே இருந்தா நான் எங்க படுக்கறது? எதைக் கழட்டோணும், அதைச் சொல்லுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, நான் தரையில் உட்கார்ந்து செய்தேன். உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து பிசினாக அப்பியிருந்தது. பழைய பல் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்து அதைச் சுரண்டுவதிலேயே ஒரு மதியம் போனது. மறுநாள் சிலிண்டரை உருவி எடுத்தபோது, பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்கப் பூனை பிறாண்டியது போல மேலிருந்து கீழாகக் கோடுகள். சிலிண்டரின் உட்சுவரிலும் அதே கோடுகள். அவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார விடுமுறையில் பிஸ்டனைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பஸ் பிடித்து தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மருந்தடிக்கும் பம்பு, புல் வெட்டும் மெஷின் இவற்றுக்கெல்லாம் பார்ட்ஸ் விற்கிற கடை இருக்கிறது. கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். பிஸ்டனை அளந்துவிட்டு மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் கம்பெனி முத்திரை இருந்தது. மற்றது வெறும் வெள்ளைப் பெட்டி, பெயரே இல்லை. சிலிண்டர், பிஸ்டன், ரிங், பின் எல்லாம் ஒரே செட்டாக அதற்குள் இருந்தன.

"இது ஓடுமாண்ணா?"

"ஓடும்மா. ஆனா இது லோக்கல் மாலு. கேரண்டி கீரண்டி கேளபேடி, என்னைக் கேக்காதீங்க. சூடா ஓட்டாம இருந்தா ரெண்டு வருஷம் வரும்."

இரண்டு வருஷம் என்பது அப்போது எனக்கு நீண்ட காலமாகத் தெரிந்தது. வெள்ளைப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்துச் சிலிண்டரைக் காட்டினபோது இவருக்குச் சந்தோஷம்தான். நான் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தேன். புகை வெளியேறும் துவாரத்தின் விளிம்பில் பிசிறு தட்டியது. பேக்டரியில் இப்படி ஒன்று வந்தால் நான் தள்ளி வைத்துவிடுவேன்.

"லோக்கல் மாலு அப்புடித்தான் இருக்கும். போட்டுரு" என்றார்.

"இதுல ரிங் மாட்டி உடைஞ்சா மறுபடி யார் பஸ் ஏறிப் போறது?"

நைஸ் எமரி பேப்பர் வைத்து அந்த விளிம்பை மெதுவாகத் தேய்த்தேன். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, பிஸ்டனைப் பூட்டினேன். பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது புகை போகும் பக்கம் பார்க்க வேண்டும் என்று நான்கு தடவை சொன்னார். பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் பின் கழன்று வராமல் இருக்க அதன் இரண்டு பக்கமும் நகத்தளவு கம்பி வளையம் ஒவ்வொன்று மாட்ட வேண்டும். முதலாவது மாட்டியாயிற்று. இரண்டாவது இடுக்கியிலிருந்து தெறித்து எங்கோ போய்விட்டது. கட்டிலுக்கு அடியில், பாத்திர இடுக்கில், செருப்புக்குள் எல்லாம் தேடினேன். தேடித் தேடிக் கடைசியில் தரையிலேயே தலை சாய்த்து விட்டேன். கண் திறந்தபோது இவர் அடிபட்ட கையைக் கழுத்திலிருந்து தாங்கிய துணித் தூளியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வளையம் அதன் மடிப்பில் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்து, தோள் வலித்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் பூட்டி முடித்த மதியம் மெஷினைக் கொல்லையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை, தோள் எரிந்தது. திடீரென்று புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது. இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆனால் கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாக ஏறி, விசையை விட்ட பிறகும் இறங்காமல் கத்தியது. அவசரமாக அணைத்தேன்.

"கார்பரேட்டர்ல திருகு இருக்குது பாரு. அதை அரைச் சுத்து விடு."

அரைச் சுற்று விட்டேன், கால் சுற்று இறுக்கினேன். இரண்டு மதியங்கள் இப்படியே போயின. ஒவ்வொரு தடவையும் அதே கத்தல். இரண்டாம் நாள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டேன்.

"இது திருகுல இல்லீங்க. எங்கியோ காத்து உறிஞ்சுது."

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நான் என்ன பண்றேன்னு நெனைச்சீங்க?"

பேக்டரியில் என் வேலை ஒழுக்கு பார்ப்பது. பம்பின் உடல் பாகத்தை மூடி, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்க வேண்டும். ஒரு குமிழி வந்தாலும் அதைச் சிவப்புக் கூடையில் போட வேண்டும். பதினோரு வருஷமாக நான் குமிழி பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன வேலை என்று இவர் ஒருநாளும் விவரமாகக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வந்து சொல்லும் தெம்பு இருந்ததில்லை.

"அது பேக்டரி. இது மெஷினு" என்றார்.

நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. அதற்கும் கொஞ்சம் சக்தி வேண்டும்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது, வாசலில் ஒரு பழைய சைக்கிள் டியூபும் பக்கத்து வீட்டுக் காற்றடிக்கும் பம்பும் இருந்தன. எனக்கு டீ போட்டு மூடி வைத்திருந்தார், ஒற்றைக் கையால்.

"நீ சொன்னியே, அந்தக் குமிழி டெஸ்ட்டு. அதை இதுல எப்புடிப் பண்ணுவ?"

டியூபை வெட்டி, புகை போகும் வழியையும் பெட்ரோல் வரும் வழியையும் அடைத்தேன். பிளக் துவாரத்தில் ரப்பர் குழாயைச் செருகிக் காற்றடிக்கச் சொன்னேன். அவர் பம்பைத் தொடையில் இடுக்கிக்கொண்டு இடது கையால் அடித்தார். நான் சோப்பு நுரையை ஒவ்வோர் இணைப்பாகத் தடவிக்கொண்டே போனேன். நாங்கள் புதிதாகப் போட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளைப் பெட்டிச் சாமான் மீது குற்றமில்லை. சுழலும் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஆயில் சீல் என்பார்கள். பழைய சீல் அது, நாங்கள் மாற்றாமல் விட்டது. அதன் ஓரத்தில் நுரை பொரிந்துகொண்டே இருந்தது.

இவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அதையும் மாத்தோணும்னு எனக்குத் தோணாமப் போச்சு."

அது சின்ன சாமான். மீண்டும் பஸ் ஏறி வாங்கி வந்து மாட்டினேன். மெஷின் ஓடியது, விசையை விட்டதும் அடங்கி நின்று உறுமியது. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்குக் கையைக் கழுவிவிட்டுப் படுக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

இரண்டு மாதம் முடிந்து அவர் வேலைக்குக் கிளம்பினார். கீழே விழுந்த மரத்தைத் துண்டு போட முடிந்தது. ஆனால் கயிற்றை இழுக்கத் தோள் இடம் தரவில்லை. மரம் ஏறுவதற்குக் கூட்டாளி கூடவே இருந்தார். அவரை இழுக்கச் சொல்லலாம். இவர் மாட்டேன் என்றார்.

"அவன் கை இதுமேல படக்கூடாது."

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனேன். எனக்கு இருக்கும் ஒரே விடுமுறை நாள். யாரோ கட்டப்போகிற வீட்டு மனையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பேன். மெஷின் நின்றால் எழுந்து போய் இழுத்துவிட்டு வந்து உட்காருவேன். தூரத்தில் கூட்டாளி கட்டை அடுக்கிக்கொண்டிருப்பார், எங்கள் பக்கம் பார்க்க மாட்டார். மூன்றாவது ஞாயிறு அந்தக் கல்லிலேயே தூங்கிவிட்டேன். மெஷின் நின்றது எனக்குத் தெரியவில்லை. இவர் கூப்பிடவும் இல்லை.

அடுத்த ஞாயிறு விடிந்தபோது அவர் மட்டும் தயாராகி மெஷினைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"நீ வேண்டாம். தூங்கு."

"கயிறு?"

கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் பதினொரு மணி வரை தூங்கினேன். எழுந்து துணி ஊறவைத்தேன், சோறு வடித்தேன். மதியம் உடம்பெல்லாம் மரத்தூளோடு வந்தார். யார் இழுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"அவந்தான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.