பாத்ரூமில் விழாத சசிகரன்

சசிகரனுக்குப் பயம் கூடவே பிறந்தது. மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தவர்களில் பலருக்கும் அப்படித்தான். ஜீப் சத்தம் கேட்டாலே செய்யாத தப்புக்கும் வேர்க்கும். வெளியாட்களுக்கு இதை விளக்கி விளக்கி அங்கேயே பிறந்த எனக்கு அலுத்துவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றும்போது ஐஸ் பார் சரிந்து அவன் இடுப்பை நொறுக்கியது. மேலாளர் பாண்டித்துரைதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வாசலிலேயே குனிந்து சொன்னார்: "ஏலே, வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. இல்லேன்னா நீ இன்னைக்கு வேலைக்கு வந்தது கேம்ப் ஆபீசுக்குத் தெரிஞ்சிரும்."

அன்று முகாமில் ஆள் தணிக்கை. எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். கூலியை விட மனமில்லாமல் சசிகரன் வேலைக்குப் போய்விட்டான். அவன் காய்ச்சலில் படுத்திருப்பதாக மனைவி சந்திரவதனா அதிகாரிகளிடம் சொல்லிச் சமாளித்தாள். பொய் வெளியே வந்தால் குடும்பத்தின் அகதிப் பதிவையே வெட்டிவிடுவார்கள் என்று இருவருக்கும் கிலி. டாக்டர் கேட்டதும் அவன் பாத்ரூமில் விழுந்ததாகவே சொல்லிவிட்டான்.

அன்று ஆபரேஷன் செய்து இடுப்பில் வைத்த பிளேட் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. மறுபடி ஆபரேஷன் செய்யாவிட்டால் நடக்கவே முடியாதாம். செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டான். விசாரணைக்குச் சந்திரவதனாவும் கூட வந்தாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "பாத்ரூம்ல விழுந்ததா இவரே டாக்டர்கிட்ட சொல்லியிருக்காரு."

"அப்ப எங்கட கேம்ப் வீட்டில பாத்ரூமே இல்லை, அம்மா" என்றான் சசிகரன், விசாரணை அதிகாரி கலைச்செல்வியிடம்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க? ஆறு வருஷமா ஏன் வரல? காரணம் சரியா இருந்தாத்தான் இவ்வளவு லேட்டா வந்த மனுவை நான் எடுக்க முடியும்."

காரணம் ஒன்றுதான். அதைச் சொன்னால் சந்திரவதனாவும் மாட்டுவாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகம் வெளிறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"சொல்லுங்கோ. நீங்கள் நடக்க வேணும்."

தணிக்கை, காய்ச்சல், வாசலில் பாண்டித்துரை சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான். கலைச்செல்வி பேனாவை எடுத்தார்.

"இதெல்லாம் பதிவாகும். கேம்ப் ஆபீசுக்கும் தெரியவரலாம். எழுதவா?"

"பயத்திலதான் இவ்வளவு நாள் வரேல்லை, அம்மா. இப்பவும் பயம்தான்" என்றான். "எழுதுங்கோ."