மும்தாஜ் அக்காவின் கை நின்ற இடம்

மும்தாஜ் அக்கா போய்விட்டார். குன்னூர் மார்க்கெட்டில் படி ஏறியதும் வலது பக்கம் கட் பீஸ் கடை... அந்த அக்காதான்.

காலையில் மகளை ஸ்கூல் வேனில் ஏற்றும்போது சொன்னார்கள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஐம்பத்தைந்து வயதுகூட இருக்காது.

அங்கே துணி எடுத்தவர்களுக்குத் தெரியும். அக்கா "எத்தனை மீட்டர்?" என்று கேட்கவே மாட்டார். "யாருக்கு கண்ணு?" என்றுதான் கேட்பார்.

ஆளைச் சொன்னால் போதும். மீட்டர் கோலில் துணியை வைத்து இழுத்துக்கொண்டே போவார். ஓரிடத்தில் கை நிற்கும். கத்தரியால் ஒரு வெட்டு, அப்புறம் சர்ரென்று கிழிப்பு.

நான் வீட்டில் சொந்தமாகத் தைக்கிறவள். துணியின் அகலம் எவ்வளவு, கை நீளம் எவ்வளவு, தண்ணீரில் போட்டால் எவ்வளவு சுருங்கும் என்று பேப்பரில் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். அக்கா அந்தப் பேப்பரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எனக்குக் கடுப்பாக இருக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு சுடிதார் டாப்புக்கு இரண்டு மீட்டர் கேட்டேன். மூன்று கிழித்தார்.

"ரெண்டே போதுமுங்க்கா."

"இருக்கட்டும் கண்ணு. தொளதொளன்னு தெச்சுக்க."

சண்டை போடாத குறையாக வாங்கி வந்தேன். மூன்று வாரம் கழித்து டாக்டர் சொன்னார், நான் மாசமாக இருக்கிறேன் என்று. மகள் பிறக்கும்வரை அந்த டாப்தான் எனக்குக் கை கொடுத்தது.

அப்போது ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டாவது தடவை சிரிக்க முடியவில்லை.

தீபாவளிக்கு அப்பாவுக்கு முழுக்கை சட்டை. அப்பா டீ ஃபேக்டரியில் லாரி டிரைவர், வாட்டசாட்டமான ஆள், இரண்டரை மீட்டர் இல்லாமல் முடியாது. அக்காவுக்கும் அவரை நன்றாகத் தெரியும். கை இரண்டில் நின்றது.

"அக்கா, எங்கப்பாவுக்குங்க. பத்தாதுங்க."

"தெரியும் கண்ணு. ரெண்டு போதும்."

குரல் என்னவோ போலிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் விடாப்பிடியாக நின்று இரண்டரையே வாங்கினேன்.

தை பிறப்பதற்குள் அந்தச் சட்டைக்குள் அப்பா பாதியாகிவிட்டார். வயிற்றில் கட்டி. தோள் வழிகிறது என்றார், பிரித்துச் சின்னதாகத் தைத்துக் கொடுத்தேன். வெட்டிப் போட்ட துண்டுகளைச் சேர்த்தால் அரை மீட்டர் இருக்கும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கடைக்குப் போய் நேராகவே கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்திருந்தது. பட்டப்பகலில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. கை அங்க நின்னுது. அதுக்கு மேல இழுத்தா வரலை."

கவுண்டரில் கிடந்த துணியை மடித்துக்கொண்டே, "துணி சுருங்கும்னு எல்லாருந்தான் கணக்குப் போடறீங்க..." என்றார்.



அதிலிருந்து அவரிடம் திரைச்சீலையும் தலையணை உறையும்தான் எடுத்தேன். தலையணைக்குக் கை எங்கே நின்றால் என்ன.

பன்னிரண்டு நாள் முன்னால்... மகளின் ஸ்கூலில் ஆண்டு விழா, முழு நீள கவுன் தைக்க வேண்டும். பத்து வயது அவளுக்கு. ஆடி மழையில் வந்த காய்ச்சலில் இளைத்தவள் இன்னும் தேறவில்லை. டெஸ்ட் எல்லாம் நார்மல் என்கிறார்கள். யூனிஃபார்ம் பெல்ட்டில் மட்டும் புதுசு புதுசாக ஓட்டை போட வேண்டியிருக்கிறது.

வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் ஸ்கூலில் கேட்ட மஞ்சள் காட்டன், சின்னப் பூப்போட்டது, இவரிடம்தான் இருந்தது.

"யாருக்கு கண்ணு?"

என் மகள் பெயரை அந்தக் கடையில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "எனக்குத்தானுங்க்கா" என்றேன். பொய்.

அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். துணியை இழுத்தார். கை நின்றது. விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து இழுத்தார். அதே இடத்தில் நின்றது. கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"நீயே சொல்லு. எத்தனை மீட்டர்?"

பதினொரு வருஷத்தில் அக்கா கேட்ட முதல் 'எத்தனை'.

மூன்று என்றேன். வெட்டி, பேப்பரில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார்.

பார்சலைப் பிரிக்கவே இல்லை. பீரோ மேலே போட்டுவிட்டேன். எனக்கு ஏதோ ஆகப் போகிறது என்றே இத்தனை நாளும் திரிந்தேன். குளிக்கும்போது வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். நான் போய்விட்டால் இவளை யார் பார்ப்பார்கள் என்று... பயம்தான், வேறென்ன சொல்ல.

இன்று அக்கா வீட்டுக்குப் போனேன். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அவர் தங்கச்சி பாத்திமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வாரமாவே சரியில்லீங்க. யாரு வந்தாலும் எத்தனை மீட்டர், எத்தனை மீட்டர்ன்னே கேட்டுட்டு இருந்துச்சு. ஏன்க்கான்னு கேட்டா, யாருக்கு எடுத்தாலும் கை ஒரே எடத்துல நிக்குதுடின்னுச்சு."

அப்படியானால் கை நின்றது எனக்காக இல்லை, அக்காவுக்காகவேதான்.

இறந்த வீட்டில் நின்றுகொண்டிருக்கிறேன், மனசு லேசாகிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் லேசானது.

வந்ததும் பார்சலைப் பிரித்து டேப் வைத்து அளந்தேன். மூன்றரை.

மறுபடி அளந்தேன். மூன்றரைதான்.

நான் கேட்டது மூன்று. இன்றைக்கு இருக்கிற என் மகள் உயரத்துக்கு மூன்றே தாராளம். சின்னப் பூப்போட்ட மஞ்சள் துணியை எனக்கு என்று சொன்னால் அக்கா நம்புவாரா என்ன.

அந்த அரை மீட்டரை வெட்ட மாட்டேன் அக்கா. உள்ளே மடித்துத் தைக்கிறேன். அவள் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து விடுகிறேன்.

போயிட்டு வாங்க.