லிஃப்ட் மெக்கானிக் ஓனர் ஆன கதை

அந்தக் குடியிருப்பில் அவனை எல்லோரும் 'ஓனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையில் அல்ல, நக்கலில். லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனி, மாதச் சம்பளத்தில் இருந்த மெக்கானிக்குகளை ஒருநாள் வரிசையாக உட்கார வைத்து, "இனி நீங்க வேலைக்காரங்க இல்ல, ஒவ்வொருத்தரும் ஒரு முதலாளி" என்று காகிதத்தை நீட்டியது. மற்றவர்கள் வேறு வழியில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். இந்தப் பிரகஸ்பதி மட்டும் கையெழுத்துப் போட்ட கையோடு, 'உரிமையாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்து வந்தான்.

எதற்கு உரிமையாளர்? சட்டை கம்பெனியுடையது. எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று சொல்வது கம்பெனி. காலை எட்டரைக்குக் கையெழுத்து. வெளியாளுக்கு ஒரு பட்டனை மாற்றிக் கொடுத்தால்கூட அன்றே சீட்டு கிழிந்துவிடும். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு ஸ்பேனர் இருந்தன. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று அலைகிறவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவன் மனைவி ஆயத்த ஆடை ஆலையில் தையல் சரிபார்க்கிறவள். கோணல் தையல் அவள் கண்ணுக்குத் தப்பாது. "ஏங்க ஓனர், உங்ககிட்ட எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?" என்பாள். "உனக்கு என்ன தெரியும், நீ கைகட்டி வேலை பாக்கறவ" என்பான் அவன். பேச்சைப் பார்!

ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி சறுக்கி வலது முட்டி நொறுங்கியது. மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கடைசிவரை காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். வேலைக்காரனாக இருந்தால் செலவு கம்பெனியின் பொறுப்பு. "அவர் எங்க ஆளே இல்லையே" என்று கம்பெனி கையை விரித்தது. ஆனால் அந்த 'எங்கள் ஆள் இல்லாதவனை'க் கட்டுப்போட்ட காலோடு ஆபீசில் உட்கார வைத்துப் போன் எடுக்கச் சொன்னது. இவனும் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு எட்டரைக்குப் போய் நின்றான். வெட்கம் கெட்ட கம்பெனி, அதற்கேற்ற முதலாளி.

மனைவிதான் 'இவர் கம்பெனி வேலைக்காரர்தான்' என்று மனு எழுதி, திட்டித் தீர்த்துக் கையெழுத்து வாங்கி, அவனைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு இழுத்துப்போனாள். எதிரே கம்பெனி வக்கீலும் சூப்பர்வைசரும். விசாரித்த அதிகாரி அம்மாள் பொறுமையாகவே கேட்டாள்.

"உங்களுக்குப் பதிலா உங்க மச்சானை வேலைக்கு அனுப்ப முடியுமா?"

"யாரை வேணா அனுப்புவேங்க. முதலாளி நான்தானே."

"அனுப்பியிருக்கீங்களா?"

"தோணலைங்க."

"இன்னைக்கு வேலை வேண்டாம்னு சொல்லலாமா?"

"தாராளமா. நான் யாருக்கும் அடிமை இல்லைங்க."

வக்கீல் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இது காலோடு சேர்ந்து கெடப்போகிறது என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஆபரேஷன் கண்ணெதிரிலேயே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தொட்டது. 'முதலாளி' நெளிந்தான். ஊன்றுகோலைப் பிடித்து அரைகுறையாக எழுந்து, சூப்பர்வைசர் பக்கம் குனிந்தான்.

"சார், பதினோரு மணி வரைக்கும்தான் பர்மிஷன் குடுத்தீங்க. இன்னும் அரை மணி நேரம் இருந்துக்கட்டுங்களா?"

சூப்பர்வைசரும் பழக்கதோஷத்தில், "இருந்துக்கோ. ஆனா அரை நாள் லீவுன்னு எழுதிக் குடுத்துடணும்" என்றார்.

வக்கீலின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ரெண்டு பேர் சொன்னதையும் அப்படியே எழுதிக்கறேன்" என்று அந்த அம்மாள் பேனாவை எடுத்தாள். இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. அவன் வேலைக்காரன்தான், ஆபரேஷன் கம்பெனி செலவு.

உத்தரவை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது அவன் முகம் செத்துக் கிடந்தது. "நான் நல்லாத்தானே பேசினேன்? அப்புறம் ஏன் வேலைக்காரன்னு எழுதிட்டாங்க?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை.

"சீக்கிரம் ஒரு ஆட்டோ பிடி. இன்னும் லேட்டாப் போனா சார் கோவிச்சுக்குவார்" என்றான் அவன்.

கையிலிருந்த உத்தரவைச் சுருட்டி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "முட்டியை நிமிர்த்த டாக்டர் இருக்காரு. இந்த முதுகை எவன் வந்து நிமிர்த்தப்போறான்?"