சவரி அண்ணன் சிரித்த ஷாட்

சவரி அண்ணன் காலையில் போய்விட்டார். நெஞ்சு வலி... ஆட்டோ ராயபுரம் பாலம் ஏறுவதற்குள் முடிந்துவிட்டதாம்.

பேர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தால் தெரியும். வில்லனுக்குப் பின்னால் நிற்கிற அடியாள், மாமூல் வாங்குகிற ஏட்டு, ஹீரோவிடம் முதல் அடி வாங்குகிற ரவுடி. பெரும்பாலும் பாதிப் படத்திலேயே செத்துவிடுவார்.

எங்கள் தெருவில் அதை வைத்தே அவரை ஓட்டுவோம்.

"இன்னா சவரி, இந்தப் படத்துல எப்போ சாவுற?"

"இன்டர்வெல் வரிக்கும் கீறேன் மாமு. லேட்டா வந்தா என்னிய பாக்க முடியாது."

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை, ஷாட் முடிந்ததும் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். அதையும் எடுத்து வைப்பார்கள். இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு ஆகாது என்று ஒரு பயம்.

அந்தச் சிரிப்பு படத்தில் வராது. எடிட்டிங் அசிஸ்டெண்ட் என்பதால் எனக்கு வரும்.

டப்பிங்குக்கு வரும்போதெல்லாம் எங்கள் ரூமுக்குள் தலையை நீட்டுவார். "நைனா, நம்ம சிரிப்பு கீதா?" போட்டுக் காட்டுவேன். பார்த்துவிட்டு, "ஷாட் ஓகே. வூட்டுக்குப் போலாம்" என்று கிளம்பிவிடுவார்.

கடைசிப் படத்துக்கு நெட்டுக்குப்பம் கரையில் ஷூட்டிங். கரை ஒதுங்கிய பிணம் அவர். வெளிச்சம் போய்விட்டது, அலை வேறு ஏறுகிறது... டைரக்டர் அவசரமாக பேக்கப் சொல்லிவிட்டார்.

"சிரிக்க வெக்கல ஸ்டெல்லா. நானாதான் சிரிச்சேன். கேமரா ஓடிச்சா இல்லியான்னு தெரில," என்று வீட்டில் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவர் அதோடு மறந்துவிட்டார். ஸ்டெல்லா அக்காவால் முடியவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். ஹார்ட் டிஸ்க் இன்னும் எங்களுக்கு வரலக்கா என்பேன்.

இன்று காலை அக்காவே போன் செய்தார். அழவில்லை.

"சிரிச்சது பதிவாச்சா இல்லியா... அத மட்டும் பாத்து சொல்லுப்பா. எனுக்கு வேற ஒண்ணும் வாணாம்."

டைரக்டர் ஆபீஸுக்கு ஓடி டிஸ்க்கை வாங்கி வந்தேன். கேபிளைச் சொருகினேன். இல்லையென்றால் என்ன சொல்வது? இருக்கிறது என்று சொன்னால் காட்டு என்பாரே...

ஒரு கிளிப். அண்ணன் மணலில் கிடக்கிறார், முகத்து மேலே அலை ஏறுகிறது. "கட்." முடிந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

கடைசிக் கிளிப். "பேக்கப்" சத்தம் கேட்கிறது. ஆட்கள் குறுக்கே ஓடுகிறார்கள். கேமராவை யாரும் நிறுத்தவில்லை.

அண்ணன் மெதுவாக எழுந்து உட்காருகிறார். சுற்றிப் பார்க்கிறார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. நேராக லென்ஸைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

"எட்த்து வெச்சிக்கோ நைனா."

உடைந்துவிட்டேன். அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"சிரிச்சிக்கீறாரே... அப்புறம் இன்னாத்துக்குப்பா போனாரு?"



மத்தியானம் அக்காவின் தம்பி கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு போட்டோ கேட்டான். வீட்டில் இருப்பதெல்லாம் ஏட்டு வேஷத்திலும் வெட்டுக்காயத்தோடும்தானாம். அக்காதான் அந்தச் சிரிப்பையே போடச் சொன்னாராம்.

இப்போது தெரு முழுக்க அதுதான் ஒட்டியிருக்கிறது. கன்னத்தில் மணலோடு.

ஷாட் ஓகே அண்ணே. வூட்டுக்குப் போலாம்.